பல நாட்டு இரவு உணவை வீட்டிலேயே சுவையாகச் சமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிற நாடுகளின் உணவை வீட்டு அடுப்பில் சமைக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். உணவகங்களில் உள்ளதைப் போன்ற பெரிய அடுப்போ விதவிதமான பாத்திரங்களோ இல்லாமல், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரத்துக்குள் இரவு உணவைப் பரிமாற வேண்டியவர்களை மனத்தில் வைத்தே இவற்றை எழுதினேன். பல ஆண்டுகள் சமைத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. ஒரு நாட்டுச் சமையலின் சுவை, பாத்திரத்தில் முதலில் எது விழுகிறது, அது எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வேகிறது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அரிய பொருட்களைத் தேடிச் சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த நாட்டுச் சமையலிலிருந்து தொடங்குவது நல்லது?

உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒன்றோடு நில்லுங்கள். திங்களன்று தாய்லாந்து, செவ்வாயன்று மெக்சிகோ, புதனன்று மொராக்கோ என்று திட்டமிட்டால் ஒரே வாரத்தில் அலமாரி நிறையப் பாட்டில்கள் சேரும். எதிலும் கை பழகாது. தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, எந்த உணவையும் இரண்டாவது முறை சமைத்திருக்கவில்லை என்பது தெரிந்தது. அதன் பிறகு ஒரே உணவை ஒரு மாதத்தில் நான்கு முறை சமைக்கும் பழக்கத்துக்கு மாறினேன். முதல் முறை குறிப்பில் உள்ளபடி அளந்து செய்ய வேண்டும். இரண்டாம் முறை உப்பும் புளிப்பும் நம் கைக்கு வரும். மூன்றாம் முறை எப்போது அடுப்பைக் குறைக்க வேண்டும் என்பதை மணமே சொல்லிவிடும். நான்காம் முறை குறிப்பை எடுத்துப் பார்க்கத் தோன்றாது.

ஒரே வெங்காயமும் பூண்டும்தான் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன. சுவை மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சமையல் புரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இத்தாலியில் குழம்புகளுக்கு அடித்தளமாக முதலில் வதக்கும் சொஃப்ரிட்டோவில் வெங்காயம், கேரட், செலரித் தண்டு ஆகியவற்றை மிகப் பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் மிதமான தீயில், நிறம் மாறாமல் இனிப்பு மட்டும் ஏறும்வரை பொறுமையாக வதக்குவார்கள். பிரான்சில் அதே வேலையைச் செய்யும் மிர்ப்வாவில் அதே மூன்றும் உண்டு. வெங்காயம் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு என்பது வழக்கமான அளவு. அமெரிக்காவின் லூயிசியானாவில் கேரட்டின் இடத்தில் குடைமிளகாய் வந்துவிடுகிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே பாத்திரத்திலிருந்து எழும் மணம் வேறாகிறது. சீன வதக்கல்களிலோ இஞ்சியும் பூண்டும் வெங்காயத்தாளும் கடுஞ்சூட்டு எண்ணெயில் அரை நிமிடம்கூடக் கிடப்பதில்லை. மணம் எழுந்த கணமே அடுத்த பொருள் விழுந்துவிட வேண்டும்.

எத்தியோப்பியாவின் வாட் என்னும் குழம்பு இவற்றில் எதையும் போலத் தொடங்குவதில்லை. பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயே இல்லாமல் வெறும் பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் வைப்பார்கள். முதன்முறை செய்யும்போது கருகிவிடுமோ என்ற அச்சம் வருவது இயல்புதான். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் தன் நீரை விடத் தொடங்கும். பாத்திரத்தின் சத்தம் மெல்லிய முணுமுணுப்பாக மாறும். இருபது நிமிடத்தில் நீர் வற்றி அடியில் ஒட்டப் பார்க்கும். அப்போது ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும். இப்படியே நாற்பது நிமிடம் சென்றால், வெங்காயத்தின் வடிவம் முழுவதும் கரைந்து, கரண்டியில் எடுத்தால் சரிந்து விழும் செந்நிறக் கூழாக நிற்கும். அதன் பிறகே நிட்டர் கிப்பே எனப்படும், மசாலாப் பொருட்களோடு காய்ச்சி வடித்த நெய்யும், மிளகாயும் பிற மசாலாக்களும் சேர்த்து அரைத்த பெர்பெரே பொடியும் சேர்கின்றன. எத்தியோப்பியக் குழம்புக்கு மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே அந்தக் கெட்டித்தன்மை வருவது இந்த வெங்காயத்தால்தான். பெர்பெரே பொடியை வாங்கி வந்து, எண்ணெயில் அவசரமாக வதக்கிய வெங்காயத்தில் கொட்டினால் காரமான ஒரு குழம்பு கிடைக்கும், வாட் கிடைக்காது.

தாய்லாந்துக் கறி விழுதைக் கடையில் வாங்கலாமா, வீட்டில்தான் அரைக்க வேண்டுமா?

வாரநாள் இரவுக்கு வாங்கிய விழுதே போதும். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. விழுதைப் பயன்படுத்தும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். தேங்காய்ப் பால் முழுவதையும் கொதிக்கவிட்டு அதில் விழுதைக் கரைப்பதால், பச்சை வாடை போகாத நீர்த்த குழம்பாக அது முடிகிறது. முதலில் கெட்டியான முதல் பாலை மட்டும் ஊற்றி, சற்றுக் கூடுதலான தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய குமிழிகள் வரும். பின்னர் குமிழிகள் சிறுத்து, கொதிக்கும் சத்தம் பொரியும் சத்தமாக மாறும். ஓரங்களில் எண்ணெய் தெளிந்து பிரியும். அந்த எண்ணெயில்தான் விழுதைப் போட்டு வறுக்க வேண்டும். எலுமிச்சைப் புல், பேரரத்தை, மிளகாய் ஆகியவற்றின் மணம் எண்ணெயில் இறங்குவது அப்போதுதான். அதன் பின் மீன் சாஸும் பனைவெல்லமும், பிறகு இறைச்சியோ காயோ, மீதிப் பால், கடைசியில் அடுப்பை அணைத்ததும் தாய்லாந்துத் துளசி இலைகள்.

சில டப்பாப் பால்களில் எண்ணெய் பிரியாமலிருக்கக் கூட்டுப் பொருட்கள் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அவை பிரியாது. அப்படியான பால் கிடைத்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு விழுதை அதில் வறுத்துக்கொள்ளுங்கள்.

உமாமி என்று எதைச் சொல்கிறார்கள்? அது வீட்டுச் சமையலுக்கு எப்படிப் பயன்படும்?

1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா, கொம்பு என்னும் கடற்பாசியில் காய்ச்சிய சாற்றின் சுவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கில் எதிலும் அடங்கவில்லை என்று ஆராய்ந்து, அதற்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டவரும் அவரே. 1913இல் ஷிண்டாரோ கொடாமா, உலர்த்திய போனிட்டோ மீனில் உள்ள இனோசினேட்டும் இத்தகைய சுவையைத் தருவதைக் கண்டார். இவ்விரண்டும் ஒன்றுசேரும்போது, தனித்தனியே தருவதைக் கூட்டினால் வருவதைவிடப் பன்மடங்கு சுவை எழுகிறது. சமையலறைக்குத் தேவையான செய்தி அந்தக் கடைசி வரிதான். ஜப்பானின் தாஷிச் சாறு கடற்பாசியையும் மீன் சீவலையும் சேர்ப்பது இதனால்தான். தக்காளியில் நெத்திலியைக் கரைத்துச் செய்யும் இத்தாலியக் குழம்பு ஆழமாக இருப்பதும் இதனால்தான்.

தாஷி காய்ச்ச அரை மணி நேரம் போதும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் கொம்புவை ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதி வரும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பின்னர் 20 கிராம் மீன் சீவலைப் போட்டு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டிவிடலாம். மீன் சேர்க்காதவர்கள் உலர்ந்த ஷிடாகே காளானைக் கொம்புவோடு குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஊறவைத்தால் அதே ஆழம் கிடைக்கும். உலர்ந்த காளானில் உள்ள குவானிலேட், இனோசினேட்டின் வேலையைச் செய்கிறது. மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்புக்கு இந்தச் சாறே அடித்தளம். மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும். கொதித்தால் அதன் மணம் போய்விடும்.

குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தும் உணவு சப்பென்று இருக்கிறது; என்ன குறை?

பெரும்பாலும் புளிப்புதான். உப்பை எல்லோரும் சரிபார்க்கிறார்கள். புளிப்பைச் சரிபார்ப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு சமையலும் தனக்கென ஒரு புளிப்பை வைத்திருக்கிறது. லெபனானிலும் சிரியாவிலும் சுமாக் என்னும் புளிப்புக் கனியின் பொடி, ஈரானில் உலர்ந்த எலுமிச்சை, பிலிப்பைன்ஸின் அடோபோ என்னும் இறைச்சிக் குழம்பில் காடி, தாய்லாந்தின் பாட் தாய் நூடுல்ஸில் புளி, மொராக்கோவில் வாரக்கணக்கில் உப்பில் ஊறிய எலுமிச்சைத் தோல் என்று அவை ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்பவை. அந்தப் புளிப்பை இனம் கண்டு, பரிமாறும் முன் சிறிது சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள். பச்சை எலுமிச்சைச் சாறு என்றால் அடுப்பை அணைத்த பிறகே பிழிய வேண்டும். புளி, காடி, உலர்ந்த எலுமிச்சை போன்றவை உணவோடு சேர்ந்து வெந்தால்தான் இணங்கும்.

புளிப்பும் சரி, உப்பும் சரி என்றால், பொருட்கள் சிவக்காமல் வெந்துவிட்டனவா என்று பாருங்கள். அதற்கான விளக்கம் அடுத்த விடையில் இருக்கிறது.

சீனப் பாணியில் காய்களையும் இறைச்சியையும் வதக்கினால் நீர் விட்டு அவிந்துபோகின்றனவே?

வீட்டு அடுப்பின் தீ குறைவு. பாத்திரத்தில் விழும் பொருளோ அதிகம். நீர் இருக்கும்வரை பாத்திரத்தின் உள்ளே 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறாது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912இல் விவரித்த, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் மாற்றம் விரைவாக நிகழ 140 டிகிரி அளவிலான சூடு வேண்டும். ஆகவே காயைக் கழுவியபின் துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். இருவருக்கான அளவை மட்டும் ஒரு தடவையில் போடுங்கள். இறைச்சியை முதலில் தனியே சிவக்கவைத்துத் தட்டில் எடுத்து வைத்து, காயை வதக்கி, சாஸ் ஊற்றும் நேரத்தில் இறைச்சியை மீண்டும் சேருங்கள். சாஸைச் சிறு கிண்ணத்தில் முன்பே கலந்து வைத்திருப்பது அவசியம். பாட்டிலைத் தேடும் அரை நிமிடத்தில் பூண்டு கருகிவிடும்.

கோழி இறைச்சி மிருதுவாக வர, மெல்லிய துண்டுகளில் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, சிறிது உப்பு ஆகியவற்றைப் பிசறி அரை மணி நேரம் வைத்து, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பின் வதக்குங்கள். மாவுப் படலம் உள்ளே உள்ள சாற்றைக் காக்கிறது. இப்படி வதக்கும் துண்டுகளின் ஓரம் சிவக்காது. சிவந்த ஓரம் வேண்டுமா, மிருதுத்தன்மை வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

காச்சியோ எ பேப்பே செய்தால் சீஸ் கட்டி கட்டியாகத் திரண்டுவிடுகிறது, ஏன்?

ரோம் நகரத்துக்குரிய இந்தப் பாஸ்தாவில் பெக்கோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் தவறை மறைக்க இடமும் இல்லை. கொதிக்கும் சூட்டில் சீஸை நேரடியாகத் தூவினால் அதன் புரதம் இறுகிக் கொழுப்பு தனியே ஓடிவிடும். நான் முதன்முறை செய்தபோது, நூடுல்ஸின் அடியில் ரப்பர் போன்ற ஒரு வெள்ளை உருண்டையும், மேலே எண்ணெய்ப் படலமுமாக நின்றது. பாஸ்தாவைக் குறைந்த நீரில் வேகவைத்தால் அந்த நீரில் மாவுச்சத்து செறிவாக இருக்கும். சீஸை மிக மென்மையாகத் துருவி, சற்று ஆறிய அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தனிக் கிண்ணத்தில் பசை போலக் குழைத்துக்கொள்ளுங்கள். மிளகை வெறும் பாத்திரத்தில் மணக்க வறுத்து இடித்து, பாஸ்தாவோடு சேர்த்துப் புரட்டி, அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் பொறுத்த பிறகு சீஸ் பசையைச் சேர்த்து விடாமல் புரட்ட வேண்டும். மாவுச்சத்து சீஸின் புரதங்களுக்கிடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கிறது.

தஹினியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். எள் விழுதில் எலுமிச்சைச் சாறோ நீரோ முதலில் விழும்போது அது இறுகிக் களிமண் போலாகும். கெட்டுவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். குளிர்ந்த நீரை இன்னும் சிறிது சிறிதாக விட்டு அடித்தால் வெளுத்து, நெகிழ்ந்து, வழவழப்பான சாஸாகிவிடும்.

கிடைக்காத பொருளுக்குப் பதிலாக வேறொன்றைச் சேர்க்கலாமா?

உப்புக்காகவும் புளிப்புக்காகவும் சேர்க்கும் பொருட்களைப் பெரும்பாலும் மாற்றலாம். மணத்துக்காகச் சேர்ப்பவற்றை மாற்றுவது கடினம். மீன் சாஸுக்குப் பதில், உலர்ந்த காளானை ஊறவைத்துக் காய்ச்சிய சோயா சாஸ் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. சிச்சுவான் மிளகுக்கு ஈடு இல்லை. நாவை மரத்துப்போகச் செய்யும் அதன் தன்மை சாதாரண மிளகில் கிடையாது. அது இல்லையென்றால் அன்று மாப்போ தோஃபு என்னும் காரமான சீன உணவைச் செய்யாமல் வேறொன்றைச் செய்வதே மேல். மெக்சிகோவின் ஆஞ்சோ மிளகாயும் அப்படித்தான். பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டு உலர்த்திய அது, உலர்திராட்சையை ஒத்த இனிப்புடையது. காரமான வேறு வற்றலைப் போட்டால் காரம் மட்டுமே வரும். ஆஞ்சோ கிடைத்தால் விதை நீக்கி, சூடான கல்லில் ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் மட்டும் அழுத்தி வாட்டி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அரையுங்கள். கறுத்துவிட்டால் குழம்பு முழுதும் கசக்கும்.

சைவ உணவு உண்பவர்கள் கவனிக்க வேண்டியவை என்ன?

பெயரில் தெரியாத அசைவம் நிறைய இருக்கிறது. தாய்லாந்துக் கறி விழுதுகள் பலவற்றில் இறால் விழுது உண்டு; கொரியாவின் காய்கறி ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும்; வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி இருக்கும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் என்னும் நொதி கொண்டே உறைய வைக்கிறார்கள். ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

காரம் மிகுந்துவிட்டால் என்ன செய்வது?

நீர் ஊற்றுவதால் பயனில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கொழுப்பில் கரையும். நீரில் பெரிதாகக் கரையாது. தேங்காய்ப் பால், தயிர், தஹினி, வெண்ணெய் ஆகியவற்றில் அந்தச் சமையலுக்கு இயல்பான ஒன்றைச் சேருங்கள்.

ஒரு பெயர்பெற்ற உணவை மாற்றிச் செய்தால் அது அசலானதுதானா?

தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் ஆகியவை அமெரிக்கக் கண்டங்களுக்குரியவை. 1492இல் கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகே அவை உலகின் பிற பகுதிகளுக்குச் சென்றன. இன்று நாம் இத்தாலியச் சுவை என்றும் தாய்லாந்துக் காரம் என்றும் சொல்பவை அதற்குப் பின் உருவானவை. பெருவின் மாட்டிறைச்சி வதக்கலான லோமோ சால்தாதோவில் சோயா சாஸ் இருப்பது, அங்கே குடியேறிய சீனர்களின் கைவண்ணம். எனவே உணவு மாறுவதில் தவறில்லை. ஆனால் பெயர் என்பது ஒரு மக்களின் உழைப்பைக் குறிப்பது. மெக்சிகோவின் மரபுச் சமையலை 2010இலும், ஜப்பானின் வாஷோகு என்னும் மரபு உணவு முறையையும் கொரியக் குடும்பங்கள் கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தையும் 2013இலும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அப்படிப் போற்றப்படுபவற்றை முதலில் அவர்கள் செய்வதுபோலவே ஒரு முறை செய்து சுவையுங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றியதைப் பரிமாறும்போது, மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

வாரநாட்களில் நேரம் போதவில்லை, எவற்றைச் செய்யலாம்?

வட ஆப்பிரிக்காவின் ஷக்ஷூகா அரை மணியில் முடியும். குடைமிளகாயும் வெங்காயமும் வதக்கி, சீரகமும் தக்காளியும் சேர்த்துக் கெட்டியானதும் குழி பறித்து முட்டைகளை உடைத்து ஊற்றி மூடிவைத்தால் போதும். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்த பாஸ்தாவுக்கு இருபது நிமிடம். விடுமுறை நாளில் எத்தியோப்பிய முறையில் ஒரு கிலோ வெங்காயத்தைக் கரைய வேகவைத்து, சிறு டப்பாக்களில் உறையவைத்துவிட்டால், செவ்வாய்க்கிழமை இரவு மைசூர்ப் பருப்பைச் சேர்த்து மிசிர் வாட் செய்ய அரை மணிதான் ஆகும்.

மீந்த சோற்றையும் பயறு வகைகளையும் பற்றிப் பாதுகாப்பாக என்ன கடைப்பிடிக்க வேண்டும்?

வறுத்த சோற்றுக்கு முந்தைய நாள் சோறே ஏற்றது. ஆனால் அதை இரவு முழுதும் அடுப்படியில் விட்டுவிடக் கூடாது. பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிடுங்கள்.

லூயிசியானாவின் சிவப்பு பீன்ஸ் சோற்றுக்கோ சில்லி கான் கார்னேவுக்கோ உலர்ந்த சிவப்பு ராஜ்மாவைப் பயன்படுத்தினால், குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும். நான் 30 நிமிடம் விடுகிறேன். வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் புரதம் கடுமையான வாந்தியை உண்டாக்கும். மின்சார ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டால் அதன் மெல்லிய சூடு இதை அழிக்கப் போதாது. ஆகவே முதலில் அடுப்பில் கொதிக்கவைத்த பிறகே அதற்கு மாற்றுங்கள்.